மட்டக்களப்பில் வீட்டுத் திருத்த வேலை தொடங்க எந்தெந்தக் கந்தோர்ப் படி ஏற வேணும்?

திரும்பிவந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். கட்டாரில் எட்டு வருசம் கட்டடப் பராமரிப்பில இருந்திட்டு ஊருக்கு வந்து ரெண்டு மாசம். ஆரையம்பதி. இனித் திரும்பிப் போற யோசனை இல்லை.

பைப் ஒழுகுது, பூட்டு இறுகிப்போச்சு, ஃபேன் கொழுவ வேணும், ஓடு விலகி மழை ஒழுகுது, ரெண்டு டைல் வெடிச்சுக் கிடக்கு, கிணத்து மோட்டர் இழுக்குதில்லை, ஒரு அறைக்குப் பெயின்ட் அடிக்க வேணும்: இப்பிடிச் சில்லறை வேலைகளை ஒரே ஆளாப் போய் முடிச்சுக் கொடுக்கிற தொழிலா யோசிக்கிறன். இந்த வேலைக்குப் பெரிய பாஸ்மார் வரமாட்டாங்க. வந்தாலும் “நாளைக்கு” எண்டு சொல்லிப் போட்டு மாசக் கணக்காகும். வீடு கட்டுற கொந்தராத்து எனக்கு வேண்டாம்.

என்ன லைசன் வேணும் எண்டு கேட்டா ஆளுக்கொரு கதை. ஒருத்தர் பீஆர் (வியாபாரப் பெயர்ப் பதிவு) போதும் எண்டுறார், இன்னொருத்தர் பிரதேச சபைதான் முக்கியம் எண்டுறார். கரண்ட் வேலைக்குத் தனி லைசன் இல்லாட்டி உள்ள போடுவாங்க எண்டு மச்சான் வெருட்டுறான். மாமா “ஒண்டும் வேணாம், போய் வேலையச் செய்” எண்டுறார்.

ரெண்டு யோசனை இருக்கு. ஒண்டு, வீட்டில இருந்தே மோட்டார் சைக்கிள்ள பெட்டி கட்டித் தொடங்குறது. மற்றது, கல்லடி மெயின் ரோட்டில ஒரு அறை வாடகைக்கு எடுத்து போர்ட் போடுறது. கையாள் ஒருத்தன் தேவைப்படும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வயரிங்பாஸ்:
தம்பி, 22 வருசமா இந்த வேலை. ஊறணியில இருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் நான் ஏறாத கூரை இல்ல. ஒரு நாள் ஒருத்தன் லைசன் கேட்டதில்ல. வேலை சுத்தமா இருந்தா ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கும். மாமா சொன்னது சரி.

பழையகிளாக்கர்:
தம்பி திரும்பிவந்தவன், மாமாவும் பாஸும் சொல்வதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நான் சொல்கிறேன். உள்ளூராட்சி மன்றத்தில் வருமானப் பகுதி மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. முன்னது அரசாங்கம், பின்னது நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற சபை. மட்டக்களப்பு மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவு 14. உள்ளூராட்சி மன்றமோ 12தான்: ஒரு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் என்று இரண்டு நகர சபை, ஒன்பது பிரதேச சபை. கிரானுக்குத் தனிப் பிரதேச செயலகம் உண்டு, தனிச் சபை கிடையாது. அது கோறளைப்பற்று சபைக்குள் வருகிறது. வியாபாரப் பெயர் பதிவு செயலகத்தில் நடக்கும். உரிமம், வரி எல்லாம் சபையில். எங்கள் கவுண்டருக்கு வந்து “பீஆர் தாங்க” என்று கேட்டவர்களை எண்ணியிருந்தால் அதற்கே ஒரு பதிவேடு போட்டிருக்கலாம்.

“வீட்டுத் திருத்துநர்” என்று ஒரு உரிமம் இந்த நாட்டில் இல்லை. அதைத் தேடி அலைய வேண்டாம்.

சபை பணம் வாங்கும் வழி மூன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் பாருங்கள். ஒன்று, துணைவிதியால் கட்டுப்படுத்தப்பட்ட தொழில்களுக்கான உரிமம். பேக்கரி, சாப்பாட்டுக்கடை, சலூன், சத்தமும் தூசும் கிளப்புகிற பட்டறை இதில் வரும். கட்டணம் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியை (வருட வாடகையாகச் சபை மதிக்கிற தொகையை) பொறுத்தது. 750 ரூபா வரை 500, 1,500 வரை 750, அதற்கு மேலே 1,000. உச்சவரம்பே இவ்வளவுதான். இரண்டாவது, 150ஆம் பிரிவின் கீழ் சில கைத்தொழில்களுக்கு வரி. அதுவும் ஓர் இடத்தை வைத்து நடத்துகிற தொழிலுக்கானது. மூன்றாவது, 152ஆம் பிரிவு. முந்திய இரண்டிலும் அகப்படாத தொழில்களுக்கு, முந்திய வருட வருமானத்தைப் பார்த்து விதிக்கிற வரி. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிப் போகிற உங்களை எங்காவது போடுவதென்றால் இந்த மூன்றாவதில்தான் போடலாம்.

அந்த அட்டவணையைப் பார்த்தால் சிரிப்பு வரும். 6,000 ரூபாவுக்கு உட்பட்டால் வரி இல்லை. 12,000 வரை 90 ரூபா, 18,750 வரை 180, 75,000 வரை 360, 150,000 வரை 1,200, அதற்கு மேலே எவ்வளவு என்றாலும் 3,000. மாத வருமானம் இல்லை தம்பி, வருட வருமானம். 1987இல் ஒன்றரை லட்சம் பெரிய காசு. இன்று தேங்காய் பறிக்கிறவரும் கடைசிப் படியில்தான் நிற்பார். ஆக, நீங்கள் பயப்படுகிற வரி வருடத்துக்கு 3,000 ரூபா. உரிமம் ஜனவரியில் இருந்து டிசம்பர் வரை செல்லும். வரியை மார்ச் 31க்குள் கட்டச் சொல்லி நோட்டீஸ் போடுவது வழக்கம். ஒக்டோபரில் தொடங்கினால் மூன்று மாதத்துக்கு முழு வருடக் காசு போகும், அதையும் யோசியுங்கள்.

கல்லடியில் அறை எடுத்தால் கதை மாறும். அது மாநகர சபை எல்லை. அங்கே மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 247அ, 247ஆ, 247இ. மூன்று வழியும் அதேதான், தொகைதான் கூட. அதோடு கடைக்குச் சோலைவரி (சபைக்குக் கட்டுகிற கட்டட வரி) நிலுவை இருந்தால் கவுண்டரில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் எழுத முன்னமே சொந்தக்காரரிடம் சோலைவரிப் பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் நின்று முழுசியிருக்கிறார்கள்.

திரும்பிவந்தவன்:
ஐயா, இவ்வளவு விளக்கமா ஒரு கந்தோரிலயும் சொல்லல்ல. பெரிய நன்றி. ஒரு கேள்வி: நான் ஆரையம்பதியில இருந்துகொண்டு டவுனுக்குள்ள, காத்தான்குடிக்குள்ள எல்லாம் போய் வேலை செய்தா மூண்டு சபைக்கும் கட்டவேணுமா?

பழையகிளாக்கர்:
தொழிலை எங்கே வைத்து நடத்துகிறீர்கள் என்பதுதான் கேள்வி. பெட்டியும் பில் புத்தகமும் ஃபோனும் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்தச் சபை. பாலம் தாண்டிப் போய் ஒரு பைப் பூட்டிவிட்டு வருகிறவனை மாநகர சபை துரத்திப் பிடித்ததை என் சேவைக்காலத்தில் நான் காணவில்லை.

காத்தான்குடிநானா:
வயரிங்பாஸ் சொல்ற மாதிரி லைசன் இல்லாம ஓட்டலாம்தான். நான் ஹார்ட்வெயார் கடை வெச்சிரிக்கன். என்ட பக்கத்துல இருந்து ஒண்டு சொல்றன் தம்பி.

பீஆர் இருந்தா வங்கியில தொழில் பேர்ல நடைமுறைக் கணக்குத் திறக்கலாம். எனக்கிட்டக் கடனுக்குச் சாமான் எடுக்கக்குள்ள நானும் அந்தப் பேப்பரத்தான் பாக்குறன். பாடசாலை, என்ஜிஓ கந்தோர், கிளினிக் இவங்க எல்லாம் மூணு விலைமனு கேப்பாங்க, பதிவு இலக்கம் இல்லாத பில்லுக்குக் காசு கட்ட அவங்கட கணக்காளர் விடமாட்டார். கக்கூஸ் கதவு ஒண்டு திருத்துறதுக்கும் மூணு விலைமனுதான். வீட்டு வேலை மட்டும் செய்யிறண்டா இது தேவல்ல. மாசா மாசம் வாற வேலை வேணுமெண்டா அந்த வாசலுக்குப் பீஆர்தான் திறப்பு.

இன்னொண்டு, எனக்குத் தினமும் வாற தலையிடி. உருண்டைப் பின் பிளக் பேஸ் கேட்டு இன்னமும் பாஸ்மார் வாறாங்க. அஞ்சு அம்பியர், பதினஞ்சு அம்பியர் உருண்டைப் பின் விக்கிறது 2018 ஆகஸ்ட்டோட தடை. சதுரப் பின் 13 அம்பியர் ஒண்டுதான். பழைய வீட்டுக்குப் போனா ஊட்டுக்காரர் “பழையதையே போடுங்க” எண்டு நிப்பாங்க. போடாதீங்க.

உப்போடை:
நான் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பக்கம். சின்ன உப்போடையில் தனியாக இருக்கிறேன், பிள்ளைகள் வெளிநாட்டில். ஓய்வு பெற்ற ஆசிரியை.

லைசன் இருக்கா என்று நானும் கேட்டதில்லை. ஆனால் கேற்றைத் திறக்க முன்னம் ஆளின் அடையாள அட்டையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புகிறேன். அதற்கு முகம் சுளித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மறுபடி கூப்பிடவில்லை. தம்பி, ஜிஎஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) நற்சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பம் வாங்கி, அதன் நகலை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமலே காட்டுங்கள். தனியாக இருக்கிற பெண்கள் இந்த ஊரில் நிறையப் பேர். நாங்கள் பேரம் பேசமாட்டோம், ஆனால் தெரியாதவரை உள்ளே விடவும் மாட்டோம்.

பிறகு, விலையைத் தொடங்க முன்னமே தாளில் எழுதித் தாருங்கள். போன மாரிக்கு முன்னம் ஒருவர் பீலி பூட்ட வந்தார். “பார்த்துச் செய்வம் டீச்சர்” என்றார். பார்த்துச் செய்த பிறகு சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது.

வயரிங்பாஸ்:
டீச்சர் சொல்றது நியாயம். நானும் சில இடத்துல “பாத்துச் செய்வம்” எண்டு சொல்லியிருக்கன், பொய் சொல்லக்கூடாது.

ஆனா பதிவு செய்தா இறைவரிக்காரன் தேடி வருவான். அதுக்காகத்தான் நான் பதியல்ல.

கணக்குப்புத்தகம்:
பாஸ், இந்தக் கதையைத் தயவுசெய்து பரப்பாதீங்க. 2024 ஜனவரியில இருந்து 18 வயது தாண்டின எல்லாருமே வரி இலக்கம் எடுக்க வேணும் எண்டு ஆகிட்டுது. பீஆர் எடுத்தாலும் எடுக்காட்டியும் அந்த இலக்கம் வேணும். இலக்கம் எடுத்த உடனே வரி கட்ட வேணும் எண்டு இல்லை. 2025 ஏப்ரல் 1இல இருந்து தனிநபர் விடுதொகை, அதாவது வரி இல்லாம விடுற தொகை, வருடத்துக்கு 18 லட்சம். மாசத்துக்கு ஒண்டரை லட்சம். அதுவும் கையில வாங்கின மொத்தக் காசு இல்லை, சாமான் செலவு, பெற்றோல், ட்ரில் வாங்கின காசு எல்லாம் கழிச்ச பிறகு மிஞ்சுற இலாபம். அந்த இலாபத்தைக் காட்ட பில் வேணும், கொப்பி வேணும். கொப்பி எழுதாதவனுக்குத்தான் இறைவரித் திணைக்களம் பயம்.

வற் வரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதன் எல்லை கோடிக் கணக்கில.

வயரிங்பாஸ்:
கொப்பியா? மனிசி எழுதுவா, கேட்டுப் பாக்கிறன்.

ஓடாவிமகன்:
நான் அக்கரைப்பற்றுப் பக்கம், அம்பாறை மாவட்டம். அப்பா ஓடாவி, நான் பட்டறை வைத்திருக்கிறேன். மரவேலை பற்றி ஒருவரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கதவு ஒன்றைச் சீவிப் பூட்டுவது, கட்டில் கால் மாற்றுவது எல்லாம் கைவேலை. அதற்கு யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வீட்டுப் பின்வளவில் மெசின் ஒன்றைப் போட்டுப் பலகை அறுக்கத் தொடங்கினால் நீங்கள் பட்டறைக்காரர். வன இலாகாவில் மரத்தொழில் நிலையமாகப் பதிய வேண்டும். மெசினையும் ஆட்தொகையையும் பார்த்து சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் கேட்பார்கள். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது அது. சின்னப் பட்டறைகளின் விண்ணப்பம் உள்ளூராட்சி மன்றத்திலேயே முடியும். பக்கத்து வீட்டுக்காரர் தூசு என்று ஒரு கடிதம் போட்டால் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்பார்.

மரம் ஏற்றிப் போவது தனிக் கதை. ஒருமுறை இரண்டு தேக்குப் பலகையை முச்சக்கர வண்டிக்குள் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு போனேன், ஒரு வீட்டு ஜன்னலுக்கு. வழிமறித்தார்கள். பில் பட்டறையில், சட்டைப் பையில் தீப்பெட்டி. மரக்காலைக்காரர் பில்லையும் பெர்மிட் இலக்கத்தையும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பும் வரைக்கும் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். அன்றிலிருந்து பில்லைப் பலகையிலேயே சுற்றி றப்பர்பாண்ட் போட்டு விடுகிறேன்.

திரும்பிவந்தவன்:
மெசின் போடுற எண்ணம் இல்லை அண்ணன். பூட்டு, பிணைச்சல் மட்டும்தான். அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டன்.

கரண்ட் வேலைக்கு வருவமா? மச்சான் இன்னமும் வெருட்டிக்கொண்டுதான் இருக்கிறான். கட்டாரில கம்பனி தந்த சான்றிதழ் இருக்கு, அது இங்க செல்லுமா?

வயரிங்பாஸ்:
இது என்ட பாடம், நான் சொல்றன். பகிடி விட்டிட்டுக் கதைக்கிறன்.

மீட்டருக்கு அங்கால உள்ளது கரண்ட் போட்டுட சொத்து. சீல்ல கை வெச்சா அது திருத்த வேலை இல்ல, குற்றம். தண்ணியிலயும் அப்பிடித்தான், வாட்டர் போட் மீட்டருக்கு முன்னால கை வைக்கக்கூடாது. மீட்டருக்கு இங்கால உள்ளது வீட்டுக்காரன்ட.

நல்ல மனிசர்கிட்டத் தொழில் பழகின நான் பேப்பர் இல்லாம 22 வருசம் ஓட்டினன். ஆனா என்ட மகனுக்கு என்விக்யூ (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) மூண்டாம் மட்டம் எடுத்துக் கொடுத்திட்டன். ஏன் தெரியுமா? பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இலத்திரிசியன்மாரை என்விக்யூவுக்குள்ள கொண்டுவந்து லைசன் போடுற வேலையக் கனகாலமா இழுத்துக்கொண்டு வருது. இனி வாற பொடியனுக்கு அந்தப் பேப்பர் இல்லாட்டி வாசல் ஒவ்வொண்டா மூடும். கட்டார்ச் சான்றிதழை எறியாத. நைட்டாவில (தொழில் பழக்குற அரசாங்க நிறுவனம்) முன்கற்றல் அங்கீகாரம் எண்டு ஒண்டு இருக்கு. பாடசாலைக்குப் போகாம கையால பழகினவனுக்கு உள்ள வழி அது. செய்த வேலையின்ட படம், வேலை கொடுத்தவன்ட கடிதம் எல்லாம் ஃபைலாக் கட்டிக் கொடு. பிறகு மதிப்பீட்டாளர் முன்னால செய்து காட்ட வேணும். பைப் வேலைக்கும், மேசன் வேலைக்கும், பெயின்டுக்கும் கூட அது இருக்கு. எதுல கை சுத்தமோ அதுல முதல் எடு.

பழைய வீட்டுக்கு ஃபேன் கொழுவப் போனா முதல்ல மெயின் பெட்டியத் திறந்து பார். நாவற்குடாவில ஒரு வீடு, கடல் காத்து அடிக்கிற பக்கம். பெட்டியத் திறந்தா கம்பி முனையெல்லாம் பச்சை பூத்துப் பாசி மாதிரிக் கிடக்கு. ட்ரிப் சுவிச் இருக்கு, ஆனா யாரோ அதத் தாண்டி நேரா வயர் இழுத்திருக்கான். “அடிக்கடி விழுந்துக்கிட்டே இருந்திச்சு, அதான்” எண்டாங்க. விழுறதுக்குத்தான் அந்தச் சாமானே வெச்சிரிக்கி! 30 மில்லி அம்பியர் ஒழுகினா விழ வேணும். நான் ஃபேனைக் கொழுவல்ல. முதல் இதச் சரிசெய்வம், இல்லாட்டி நான் போறன் எண்டன். அம்மா கோவிச்சா. பிறகு தேத்தண்ணி தந்தா.

கடைசியாத் தொட்டவன் நீ எண்டா அந்தப் பெட்டி உன்ட தலையில. லைசன் இருந்தாலும்தான், இல்லாட்டியும்தான்.

கல்லடிக்காற்று:
கையாள் வைப்பதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. பாஸ் சொன்ன பெட்டியை விடப் பெரிய பெட்டி அது. நான் மாட்டிக்கொண்டவன். பெயர் போடாத காரணம் விளங்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னம் ஒரு பொடியனை நாட்கூலிக்கு வைத்திருந்தேன். நல்ல பிள்ளை, 20 வயது. மாரி தொடங்க ஒரு கிழமை இருக்க, சீற் கூரை ஒன்றில் ஒழுக்கு அடைக்க ஏறினோம். பழைய சீற். ஆணி வரிசையில் மட்டும் கால் வை, அதற்குக் கீழேதான் மரம் இருக்கு என்று சொல்லித்தான் ஏற்றினேன். சிமெந்துச் சட்டியை வாங்கத் திரும்பினான். ஒரு அடி தள்ளி மிதித்தான். சத்தம் கூடப் பெரிதாக வரவில்லை. அப்பளம் நொறுங்கிய மாதிரி. நான் திரும்பிப் பார்க்கும்போது கூரையில் ஆள் இல்லை, ஓட்டைதான் இருந்தது.

உயிர் தப்பியது. தொடை எலும்பு. ஆறு மாதம் வேலை இல்லை அவனுக்கு.

நான் நினைத்துக்கொண்டிருந்தது, “நாட்கூலிதானே, எழுத்தில் ஒன்றுமில்லை, எனக்குப் பொறுப்பில்லை” என்று. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது. நீ பதிந்தாயா, கடிதம் கொடுத்தாயா என்று அது கேட்காது. வேலை செய்யும்போது அடிபட்டானா, வேலை கொடுத்தவன் யார் என்பதுதான் கேள்வி. அவன் தாயும் நானும் பேசி ஒரு தொகைக்கு வந்தோம். 14 மாதம் கட்டினேன். மனிசியின் காப்பு போனது. அவர்கள் நல்ல சனம், அதனால் அவ்வளவோடு முடிந்தது.

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். ஒரே ஒரு ஆள் வைத்தாலும் அது பொருந்தும், நாட்கூலி என்றாலும் பொருந்தும். கணக்கு இதுதான்: நாளுக்கு 2,500 படி மாதம் 20 நாள் என்றால் 50,000. அதில் 8 வீதம், 4,000, அவன் கூலியில் இருந்து. 12 வீதம், 6,000, நம் கையில் இருந்து. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 1,500, அதுவும் நம் கைதான். ஆக அவனுடைய கூலிக்கு மேலே நமக்கு 7,500. அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம். இந்தக் காசை வேலையின் விலைக்குள் முதலே போடாவிட்டால் பிறகு எங்கிருந்தும் வராது.

18 வயதுக்குக் குறைந்த பொடியன்களைக் கூரைக்கும் கரண்டுக்கும் ஏற்றவே கூடாது. சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைகளைத்தான் நாம் கையாளாகக் கூப்பிடுகிறோம், தெரியும்.

திரும்பிவந்தவன்:
அண்ணன், வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஃபோனை வெச்சிட்டன். கட்டாரில கூரைக்கு ஏறினா பெல்ட் கொழுவாம விடமாட்டாங்க, அங்க அதைத் திட்டிக்கொண்டு போட்டம். இங்க வந்து முதல் கிழமையே மாமாட வீட்டுக் கூரையில வெறுங்காலோட நிண்டனான்.

அந்தப் பொடியன் இப்ப எப்பிடி?

கல்லடிக்காற்று:
நடக்கிறான். குளிர் காலத்தில் நொண்டல் தெரியும். இப்போது ஃபோன் கடையில் வேலை. என்னைக் கண்டால் சிரிப்பான்.

வயரிங்பாஸ்:
நான் இதுவரைக்கும் ஆள் வெச்சதெல்லாம் வாய்ப்பேச்சுதான். ஒண்டும் எழுதத் தோணல்ல.

பழையகிளாக்கர்:
சுயதொழில் செய்கிறவர்களுக்கு இன்னொன்று: தனக்குத் தானே ஈபிஎஃப் கட்டமுடியாது. ஆனால் இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபையில் சுயதொழிலாளர் ஓய்வூதியத்துக்குச் சேரலாம். பிரதேச செயலகத்திலேயே அதற்குரிய உத்தியோகத்தரைக் கேளுங்கள். 60 வயதில் ஏணி ஏறமுடியாது, என்னைப் பார்த்துச் சொல்கிறேன்.

போர்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீதியைப் பார்த்துப் பெயர்ப்பலகை வைத்தால் சபைக்கு விளம்பரக் கட்டணம் உண்டு, சதுர அடிக் கணக்கு. லைட் போஸ்டில் ஒட்டுகிற துண்டுப் பிரசுரத்துக்குக் கட்டணம் கிடையாது. அனுமதியே கிடையாது. அதில் ஃபோன் இலக்கம் வேறு போடுவீர்கள், ஆளைத் தேட வேண்டிய சிரமமும் சபைக்கு இல்லை.

காத்தான்குடிநானா:
ஹாஹா. சீசன் வந்தா எங்கட ரோட்டு போஸ்ட் எல்லாம் டியூசன் மாஸ்டர்மாரும் கூரை ஒழுக்குப் பார்க்கிறவங்களும்தான்.

ஓடாவிமகன்:
அரசாங்க வேலை எடுக்கிற எண்ணம் பின்னால் வந்தால் அது வேறு பாதை. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் ஒப்பந்தகாரராகப் பதிந்து தரம் எடுக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். ஊருக்குள் சின்ன வாய்க்கால், வேலி, முன்பள்ளித் திருத்தம் போன்றவை பல நேரம் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே போகும். சங்கத்தில் அங்கத்தவராக இருங்கள், அங்கே வேலை தெரிந்த ஆளைத்தான் தேடுவார்கள்.

உப்போடை:
ஒரு சந்தேகம். சுவர் இடித்து வாசல் வைக்கச் சொன்னால் இவர் செய்யலாமா?

பழையகிளாக்கர்:
பூச்சு உதிர்ந்ததைப் பூசலாம், ஓடு மாற்றலாம். சுவரை இடித்து அமைப்பை மாற்றுவதும் புதிதாக அறை இழுப்பதும் கட்டட அனுமதி சம்பந்தப்பட்டது டீச்சர். விண்ணப்பிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தியோகத்தர் வரும்போது வளவில் சுத்தியலோடு நிற்பது வேலைக்காரர்தான்.

திரும்பிவந்தவன்:
நாலு நாள் கழிச்சு எழுதுறன். கல்லடி அறையை விட்டிட்டன். சொந்தக்காரர்கிட்ட சோலைவரிப் பற்றுச்சீட்டுக் கேட்டன். “அது பிறகு பாப்பம்” எண்டார். கிளாக்கர் ஐயாட முகம் ஞாபகம் வந்திச்சு (முகம் தெரியாட்டியும்).

வீட்டில இருந்தே தொடங்குறன். என்ட முழுப்பேரில மட்டும் தொழில் செய்தா பெயர்ப் பதிவு கட்டாயம் இல்லை, “ஹோம் சேர்விஸ்” எண்டு ஒரு சொல் சேர்த்தாலும் பதிய வேணும் எண்டு செயலகத்தில விளங்கப்படுத்தினாங்க. 1918ஆம் ஆண்டுச் சட்டமாம், தாத்தா பிறக்க முன்னம். விலைமனு கொடுக்கிற வேலை பிடிக்க வேணும் எண்டதால பேரோட பதியத் தீர்மானிச்சிட்டன். படிவம் வாங்கியாச்சு, ஜிஎஸ் கையொப்பம் வைக்கிறன் எண்டுட்டார். நற்சான்றிதழும் அதோட சேர்த்து.

அங்கதான் ஒரு இடம் இடறிச்சு. தொழில் நடக்கிற இடம் யாருடையது எண்டு காணி உறுதி நகல் கேட்டாங்க. நான் இருக்கிறது மனிசிட வீடு, சீதனம். எடுத்துப் பார்த்தா உறுதி இன்னமும் மாமி பேரிலதான் கிடக்கு. மாத்தி எழுதுவம் எண்டு கலியாணத்தண்டு சொன்னதாம்.

காத்தான்குடிநானா:
மட்டக்களப்பில ஆம்பிளைக்கு ஊடு ஏது தம்பி? எனக்கும் கடை மட்டும்தான். ஊடு அவட.

பழையகிளாக்கர்:
பயப்பட ஒன்றுமில்லை. உறுதிக்காரரின் சம்மதக் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், உறுதி நகல். போதும். என் மேசைக்கு வந்த மருமக்கள்மாரில் பாதிப் பேர் இந்தக் கடிதத்தோடுதான் வந்தார்கள்.

வயரிங்பாஸ்:
தம்பி, நைட்டாவுக்கு எப்ப போறாய்? சொல்லு, நானும் வாறன். மகன் வைச்சிருக்கிறதப் பாத்திட்டு மனிசி கேக்கிறா, உங்களுக்கு ஏன் இல்லையெண்டு.

திரும்பிவந்தவன்:
புதன்கிழமை போவம் அண்ணன். முதல்ல பைப் வேலைக்குப் போடுறன், பிறகு கரண்ட். கையாள் கதை ஆறு மாசத்துக்கு இல்லை, தனியத்தான். கூரை வேலை வந்தா இன்னொரு பாஸோட சேர்ந்து ரெண்டு பேரும் பெல்ட் போட்டு ஏறுவம்.

மாமி கடிதம் எழுதித் தந்தா. கையொப்பம் வைக்க முன்னம் பேனையைப் பிடிச்சுக்கொண்டே கிணத்து மோட்டர் ரெண்டு நாளா இழுக்குதில்லை எண்டா. போய்க் கழற்றிப் பார்த்தன், கால் வால்வுக்குள்ள ஒரு தேங்காய்த் தும்பு. எடுத்துப்போட்டுத் தண்ணி ஊத்தி ஓட விட்டன், பிடிச்சிட்டு. பிறகுதான் கையொப்பம் விழுந்திச்சு.

பழையகிளாக்கர்:
பில் எழுதினீர்களா?

திரும்பிவந்தவன்:
பில் புத்தகம் இன்னும் அச்சில ஐயா.